இடைகழி

சில ஆண்டுகள் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. கிளைக்குக் கணினி வருவதற்கு முந்திய காலத்துப் பேரேடு ஒன்றில் எழுதாமல் மிஞ்சிய தாள்களை எடுத்து நானே தைத்துக்கொண்டது. மேலட்டையில் ‘அழைப்புகள்’ என்று எழுதியிருந்தேன். மொய்க் கணக்கா என்று கேட்ட சக ஊழியரிடம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதை விளக்குவது சிரமம். இந்தப் பக்கங்களில் விளக்குவதும் சுலபமில்லை. ஆன்மிகம் என்ற சொல் வந்தாலே நம் வட்டத்தில் ஒரு புன்னகை எழும். அந்தப் புன்னகையை நானும் பலமுறை புன்னகைத்திருக்கிறேன்.

அன்றாட வாழ்க்கை ஓயாமல் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, கூப்பிடுவதைக் காதில் வாங்கி ஏதாவது ஒரு விதத்தில் ஏன் என்று கேட்கப் பழகினால் அதுவே சாதனை, பூஜையறையும் குருவும் தேவையில்லை என்பதுதான் அப்போது என் அனுமானம். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்குவதிலிருந்து மாலையில் ரொக்கம் சரிபார்த்து முடிக்கும்வரை, அப்படிக் கூப்பிட்டவற்றில் ஒன்றையாவது நோட்டில் எழுதவேண்டும் என்று நியமம் வைத்துக்கொண்டேன். 3 மணிக்குமேல் வெண்டிலேட்டர் வழியாக விழும் வெயில் உரைகல்லைத் தொட்டுவிட்டுப் போவது. ஜெனரேட்டர் நின்ற கணத்தில் எல்லோரும் தாங்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை உணர்வது. கைநாட்டு வைத்த விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்ளும் ஒருவர். இப்படி.

ஜாய்ஸ் இளமையில் ‘எபிஃபனி’ என்று பெயரிட்டுத் துண்டு துண்டாகக் குறித்துவைத்தவற்றில் 40 இன்று கிடைக்கின்றன. பி.ஏ. படித்த காலத்தில் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்தே எனக்கு அதன்மேல் மோகம். பிற்பாடு ஸிமோன் வெய்ல் வந்து சேர்ந்தார். கவனம் அதன் உச்சத்தில் பிரார்த்தனையேதான் என்ற அவருடைய எண்ணம், கடவுள் விஷயத்தில் நிச்சயமில்லாத என்னைப் போன்றவனுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. சௌகரியம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். என் கவனம் என்னை எழுந்து நிற்கக்கூடச் சொன்னதில்லை.

அப்போது எனக்குத் திருக்கோவலூர்க் கிளை. நகைக்கடன் கவுண்டர். 2022 ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், ஒரு கிழவி வந்தாள். பெண்ணைக்கு அக்கரைக் கிராமம். ஏழு கல் வைத்த பழைய தோடு ஒரு ஜோடி. வரிசையில் நின்றபடியே கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள். ஆசாரி அதை உரைத்துப் பார்த்து, எடை போட்டு, கல்லுக்குக் கழித்து, சீட்டு எழுதினார். நான் விண்ணப்பத்தை நிரப்பினேன். கைநாட்டுக்காக அவள் குனிந்தபோது காதைப் பார்த்தேன். தோடு கழன்ற துளை நீளமாகத் தொங்கிற்று. அது தூர்ந்துபோகாமலிருக்க அதற்குள் ஒரு வேப்பங்குச்சி. தோட்டைக் கழற்றுமுன்பே அதை ஒடித்துக் கையோடு கொண்டுவந்திருக்கவேண்டும். இன்னும் பச்சையாக இருந்தது.

நோட்டை எடுத்துவிட்டேன். அந்தக் குச்சி, அது துளையைக் காவல் காப்பது, உள்ளே போன பொன்னுக்கு ஈடாக மரம் ஒன்று நிற்பது என்று வேகமாக எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஆசாரி பையை முத்திரை வைத்துக் கொடுத்தார். அவள் போய்விட்டிருந்தாள்.

அது பிறகு கவிதையாயிற்று. இப்பக்கங்களிலேயே வெளிவந்தது. வாசித்தவர்கள் நினைவு வைத்திருக்கக்கூடும். நாலைந்து நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். படிமத்தின் கச்சிதத்தைப் பற்றி ஒருவர் நுட்பமாகவே எழுதியிருந்தார். அந்த இதழ் கவுண்டரில் கிடந்தபோது ஆசாரி எடுத்துப் புரட்டினார். புதுக்கவிதை அவருக்கு வழக்கமில்லை. ஆனாலும் முழுதும் படித்துவிட்டுச் சொன்னார்: “அந்த ஆயா தானே சார் இது? மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துட்டுக் குடுக்கறேன்னு கேட்டாங்களே. மூணு தபா கேட்டாங்க. நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க. நீங்க சொல்லாம நான் எப்படிக் குடுக்கறது? வச்சுக் கட்டிட்டேன்.”

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. கவிதையில் விட்டுப்போன ஒரு தகவலைச் சேர்க்கும் தோரணைதான். அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் வாய் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

கொஞ்சநாள் நோட்டைத் தொடவில்லை. பிறகு எழுதத் தொடங்கினேன், பழக்கம் விடுமா. ஆனால் சனிக்கிழமைகளில் ஊரைச் சுற்றும் வழக்கம் ஏற்பட்டது. திருக்கோவலூர் சிறிய ஊர்தான், ஆனால் அங்கே வாசலில் வந்து நின்றவர்களின் கதைகள் அதிகம். உலகளந்த பெருமாள் கோயிலில் ஓங்கி நிற்பவனே மூன்றடி மண் கேட்டு வந்தவன். கேட்டு வருகிறவர்கள் அதே அளவில் நின்றுவிடுவதில்லை என்பதைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள். வடமொழியில் அவனுக்கு தேஹளீசன் என்றொரு பெயர். இடைகழிக்கு ஈசன். வேதாந்த தேசிகர் அப்பெயரிலேயே ஒரு தோத்திரம் செய்திருக்கிறார்.

இடைகழிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வது. மழை, இருட்டு. பொய்கையார் ஒரு வீட்டின் ரேழியில் ஒதுங்கிப் படுக்கிறார். பூதத்தார் வந்து இடமுண்டா என்கிறார். ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் உட்காரலாம், வாரும் என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் முன்னவர். பேயார் வந்தபோது இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள். அப்புறம் நான்காவதாக யாரோ புகுந்து நெருக்குகிறது. யாரென்று பார்க்க விளக்கு வேண்டியிருக்கிறது. ஒருவர் பூமியை அகலாக வைத்து விளக்கேற்றுகிறார், மற்றவர் அன்பை அகலாக வைத்து. மூன்றாமவர் காண்கிறார். மூன்று அந்தாதிகள் பிறக்கின்றன.

நான் இந்தக் கதையை வெகுகாலம் அந்த விளக்குகளுக்காகவே மதித்துவந்தேன். படிமம் என்றால் இதுவல்லவா என்று. இப்போது அதற்கு முந்திய பகுதிதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது. இடமுண்டா என்று கேட்டவருக்குப் படுத்திருந்தவர் தம் படுக்கையைக் கொடுத்துவிடவில்லை. அப்படிக் கொடுத்திருந்தால் அது தியாகம், வேறு விஷயம். எழுந்து உட்கார்ந்தார், அவ்வளவே. கவுண்டர்காரனுக்குப் புரிகிற கணக்கு இது, இருக்கிற இடத்தை எத்தனை பேருக்கு எந்த நிலையில் பங்கிடலாம் என்பது. நான்காவது ஆள் முன்னிருவரைப்போல அனுமதி கேட்கவே இல்லை. அது முதலில் உணரப்பட்டது தரிசனமாக அல்ல, விலாவில் இடிக்கும் இடைஞ்சலாக. யார் இது இப்படி நெருக்குவது என்ற முறைப்பாட்டில்தான் விளக்கே ஏற்றப்பட்டது. என் நோட்டில் இருந்த அழைப்புகளில் ஒன்றுகூட இடைஞ்சல் இல்லை. வெயில், குருவி, நிசப்தம், விரல், காது. எல்லாம் நான் உட்கார்ந்தபடியே வரவேற்றவை. வரிசையில் நின்றவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

விருந்து என்ற சொல்லுக்குத் தொல்காப்பியத்தில் புதுமை என்று பொருள். செய்யுளின் எண்வகை வனப்பில் அது ஒன்று. புதுக்கவிதைக்கு இலக்கணத்தில் ஆதாரம் தேடியவர்கள் இதைச் சுட்டியதுண்டு; நானும் ஒரு கட்டுரையில் உற்சாகமாகச் சுட்டினேன். அதே சொல்தான் வீட்டு வாசலில் நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்கும் ஆளையும் குறிக்கிறது என்பது அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ஆற்றைக் கடந்தால் அறையணிநல்லூர். இன்று அரகண்டநல்லூர் என்கிறார்கள். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் இக்கரை கள்ளக்குறிச்சி, அக்கரை விழுப்புரம். பாறைமேல் இருக்கிற அந்தச் சிவன் கோயிலுக்கு 1896 ஆகஸ்ட் 30 மாலை ஒரு 16 வயதுப் பையன் நடந்து வந்து சேர்ந்தான். முந்தின நாள் மதுரையைவிட்டுப் புறப்பட்டவன், கையில் காசு தீர்ந்திருந்தது. பிற்காலத்து ரமணர். பசிக்கிறது என்று கேட்கிறான். அன்றிரவு கீழூர்க் கோயிலில் மேளம் வாசிப்பவர் தம் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொல்கிறார். மறுநாள் இக்கரையில் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். கோகுலாஷ்டமி. அந்த வீட்டுப் பெண்மணி பிரியமாகச் சாப்பாடு போடுகிறார். பையன் தன் காதுக் கடுக்கனைக் கழற்றி அடகு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறான். 20 ரூபாய் பெறும் என்று மதித்து, கேட்ட 4 ரூபாயைக் கொடுக்கிறார் பாகவதர். பிறகு மீட்டுக்கொள்வதற்காக இருவரும் விலாசம் எழுதிக்கொள்கிறார்கள். ஸ்வாமிக்கு இன்னும் படைக்காத அஷ்டமி பட்சணத்தை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். பையன் வெளியே வந்து விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. 1931இல் வந்த நரசிம்மஸ்வாமியின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பின்னர் வந்தவை வரை இதை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் கடன்; இதைவிட எந்த வங்கியும் கூடுதலாகக் கொடுக்கும் என்று கிளையில் வேடிக்கையாகச் சொல்வேன். கதையைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் சீட்டைக் கிழித்த இடத்தில் புல்லரிக்கும். நகைக்கடன் சீட்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கோ பாகவதரைப் பற்றித்தான் கவலை. பண்டிகை நாள், வீட்டில் ஆயிரம் வேலை, வாசலில் முன்பின் தெரியாத பையன். அவர் அன்று சந்தித்தது ஒரு மகரிஷியை அல்ல. பசித்த ஒரு பையனையும் ஒரு ஜோடிக் கடுக்கனையும். அதற்கு வேண்டியதைச் செய்தார்: சோறு, மதிப்பீடு, ரூபாய் நான்கு, விலாசம். இவற்றில் ஏதாவது ஒன்று மற்றொன்றைவிடப் புனிதமானதாக அவருக்குத் தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனும் பட்சணப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஸிமோன் வெய்லிடம் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது, நான் அவரை எவ்வளவு சௌகரியமாகப் படித்தேன் என்பதற்காகவாவது. ஜார்ஜ் ஹெர்பர்ட் இறந்த 1633ஆம் ஆண்டிலேயே வெளியான அவருடைய கவிதைத் தொகுதியில் அன்பைப் பற்றிய ஒரு சிறு கவிதை உண்டு. விருந்துக்கு அழைக்கப்பட்டவன் தகுதியில்லை என்று தயங்குகிறான், அழைத்தவர் விடுவதில்லை, கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆங்கில இலக்கிய மாணவனுக்கு இது பழைய சங்கதி. 1938இல் ஸொலேம் மடத்தில் சந்தித்த ஓர் இளைஞர் மூலம் வெய்லுக்கு அந்தக் காலத்துக் கவிகள் அறிமுகமாகிறார்கள். பின்னர் இக்கவிதையை மனப்பாடம் செய்து, தலைவலி உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறார். வெறும் கவிதையாக நினைத்துச் சொன்னது தமக்குத் தெரியாமலே பிரார்த்தனையாகிவிட்டது என்று ஒரு பாதிரியாருக்கு எழுதுகிறார்.

அதே வெய்ல் 1943இல் இங்கிலாந்தில், காசநோய் கண்டிருந்த நிலையில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் மக்களுக்குக் கிடைப்பதற்குமேல் உண்ணமாட்டேன் என்று உணவைக் குறைத்துக் குறைத்து இறந்துபோனார். வயது 34. அவர் கவிதையில் உட்கார்ந்து சாப்பிட்டார், வாழ்க்கையில் மறுத்தார். இந்த முரணை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எதிரில் இல்லாத பசியும் அவர் காதில் விழுந்தது என்பதுவரை தெரிகிறது. எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்த குரல் விழவில்லை. என் வயது 36. அவரைவிட இரண்டு வருஷம் கூடுதலாகக் கவனிக்கக் கிடைத்தவன். கவனத்தைப் பற்றி அவர் எழுதியதில், துன்பப்படுகிறவனிடம் உனக்கு என்ன என்று கேட்கத் தெரிவது என்ற பகுதியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருக்கிறது.

2023 ஜூன் கடைசியில் தவணை கடந்த நகைக்கடன்களின் பட்டியல் வந்தது. ஏல எச்சரிக்கைத் தபால் எழுதுவது என் வேலை. யோசித்துப் பார்த்தால், நான் என் கைப்பட ஜனங்களுக்கு அனுப்பிய அழைப்பு அது ஒன்றுதான். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. தபாலை அனுப்பினேன். அடுத்த விடுமுறைச் சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். வங்கி அதைக் கேட்கவில்லை. விதிகளும் அதை ஊக்குவிக்கக்கூடியவை அல்ல. எதற்குப் போனாய் என்று கேட்டால், கவிதைக்கு மன்னிப்புக் கேட்க என்று சொல்லத் தோன்றும். அது பொய். என்னைப் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கப் போனேன் என்பது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

தெரிந்தது. “பேங்க் சாமி!” என்று பதறிப்போய் எழுந்தாள். பறிமுதலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அடுத்த வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு பையன் கலர் வாங்க ஓடினான். வேண்டாம் ஆயா, எனக்கு ஒத்துக்காது என்றேன். வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது உள்ளே இருந்த காரணம். “வூட்டுக்கு வந்துட்டு ஒண்ணும் வேணான்னா எப்டி சாமி” என்றாள். குடித்தேன். சூடாக இருந்தது, கடையில் ஐஸ் இல்லையாம். வட்டியை மட்டும் கட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம், ஏலத்துக்குப் போகாது என்பதை இரண்டு முறை விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, வெளியூரில் படிக்கப் போன பிள்ளையை விசாரிக்கிற மாதிரி, “தோடு நல்லா இருக்குதா சாமி?” என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். நான் அதைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றும் நான் தோட்டைப் பார்க்கவில்லை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. காதில் குச்சி இருந்தது. வேறு குச்சி, காய்ந்து கறுத்திருந்தது. நோட்டு பையிலேயே இருந்தது.

ஜூலை இரண்டாவது வாரம் வட்டிப் பணத்துடன் வந்தாள். புதுப்பிக்கும்போது பையைப் பிரித்து மறுபடி எடை போடுவது எங்கள் கிளையின் வழக்கம். ஆசாரி முத்திரையை உடைத்துத் தோட்டைத் தட்டில் வைத்தார். இந்தத் தடவை எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, பாருங்க ஆயா, நல்லா பாத்துக்குங்க என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். நான் எழுந்துகூட நின்றேன் என்று நினைக்கிறேன். வரிசையில் பத்துப் பதினைந்து பேர்.

அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒரு கல்லைத் தொட்டாள். “இது ஆடுதே” என்றாள்.

ஆசாரி வாங்கிப் பார்த்தார். ஆடிற்று. வைக்கும்போதே ஆடியிருக்கும் ஆயா, பழசு என்றார். வைக்கறப்போ கெட்டியாத்தான் இருந்திச்சு என்றாள் அவள். அப்படியென்றால் பைக்குள்ளே யார் போய் ஆட்டினது என்று அவர். குரல் ஏறிற்று. பின்னால் நின்றவர்கள் இரண்டு கட்சியானார்கள். மேனேஜர் அறையிலிருந்து வந்தார். பழைய மதிப்பீட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். எடை, மாற்று, கல்லுக்குக் கழிவு எல்லாம் இருந்தது. கல்லின் உறுதி பற்றி எதுவும் இல்லை. அதற்குப் படிவத்தில் இடமும் கிடையாது.

“அதுக்குத்தானே அன்னிக்கே ஒரு தபா காட்டுங்க, எல்லாரும் பாத்துக்குவோம்னு கேட்டேன்” என்றாள் கிழவி. மேனேஜரிடம்தான் சொன்னாள். “இந்தச் சாமி எழுதிக்கிட்டே இருந்தாரு.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆசாரி எடைத்தட்டைத் துடைக்கத் தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, கல் ஆடுவதைச் சிவப்பு மையில் சீட்டில் குறித்து, அவள் முன்னிலையில் படித்துக்காட்டி, அவள் கைநாட்டு வைத்தாள். கட்டிக்கொடுக்கிற கூலியைத் தானே பார்த்துக்கொள்வதாக ஆசாரி சொன்னார், மீட்கிற அன்று. அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த டோக்கன்காரர் முன்னால் வந்துவிட்டார்.

அன்று இரவு அறைக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். 2022 ஜூன் பக்கம். குச்சியின் நிறம் இருக்கிறது, அதை ஒடித்த முனை நார்நாராக இருந்தது இருக்கிறது, துளையின் நீளம், காதோரத்து நரைமுடி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதுகூட இருக்கிறது. தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.